தெலிடோக்கஸ்: ஒரு பெயரடையைப் பதம் பிரித்தல்

விலங்கியல் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வெளியே அநேகமாக யாரும் புழங்காத ஒரு பெயரடை ஆங்கிலத்தில் உண்டு. தமிழ் எழுத்தில் அதை 'தெலிடோக்கஸ்' என்று எழுதலாம். ஆணோடு கூடாமலே கருத்தரித்து, பெண்ணை மட்டும் பெறுகிற உயிரை அது குறிக்கிறது. பெயர்ச்சொல்லானால் தெலிடோக்கி. தமிழ்வழியில் விலங்கியல் படிக்கிற மேல்நிலை மாணவிகள் 'கன்னி இனப்பெருக்கம்' என்ற தலைப்பின்கீழ் இதை ஓர் உட்பிரிவாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆண் மட்டும் பிறந்தால் அர்ரீனோடோக்கி, பெண் மட்டும் பிறந்தால் தெலிடோக்கி, இரண்டும் பிறந்தால் ஆம்ஃபிடோக்கி. பொருத்துக என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் பொருத்திவிடுவார்கள். சொல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சொல்லைத் திறக்கும் சாவியை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

இது எங்கோ ஆய்வகத்துக்குள் நடக்கும் அதிசயம் இல்லை. காணை ஒன்றியத்தில் ஒரு மல்லாட்டைக் கொல்லைக்குள் இறங்கி, செடியின் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். கறுப்பாக மினுங்கிக்கொண்டு அப்பியிருக்கும் அசுவினிக் கூட்டம் முழுக்கப் பெண்கள். குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் வந்தால் அசுவினிகளில் ஆணும் பிறக்கும், கூடும், முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் அதற்குத் தேவையில்லாமல் தாயிலிருந்து மகள், மகளிலிருந்து பேத்தி என்றே அவற்றின் காலம் ஓடுகிறது. முட்டைகூட இல்லை, நேரே குஞ்சுதான். தாயின் வயிற்றில் இருக்கிற மகளின் வயிற்றுக்குள்ளேயே பேத்தியின் கரு வளரத் தொடங்கியிருக்கும். மூன்று தலைமுறை ஓர் உடலுக்குள். களை வெட்டுகிற பெண்களுக்கு இந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிலக்கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் அந்த ஊரைத்தான் குறிக்கின்றன. ஆக, பெயரடைக்கு உரிய உயிரும் அதைத் தினமும் பார்க்கிற பெண்களும் அதை ஆராய்கிறவர்களும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கிறார்கள். சொல் மட்டும் வேறெங்கோ இருக்கிறது.

நான் தமிழ் இலக்கணம் நடத்துகிறவள். இந்தச் சொல் என்னிடம் வந்தது யாப்பு வகுப்பில். அசை பிரிக்கக் கற்றுக்கொடுக்கும்போது பாட்டை மட்டும் பிரித்தால் மாணவிகளுக்குச் சலித்துவிடும் என்று கையில் கிடைக்கிற சொல்லையெல்லாம் பிரிக்கச் சொல்வது வழக்கம். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த ஒரு மாணவி கரும்பலகையில் இதை எழுதினாள். தெலி, குறிலிணை, நிரை. டோக், நெடிலும் ஒற்றும், நேர். கஸ், நேர். நிரை நேர் நேர், புளிமாங்காய். வகுப்பு சிரித்தது. "சரி, இப்போ பதம் பிரி" என்றேன். அங்கேதான் எல்லோரும் நின்றோம்.

அசை பிரிப்பதும் பதம் பிரிப்பதும் வேறு வேறு வேலை என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. அசை ஓசையின் கணக்கு. வாய் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பதைச் சொல்லும். பதம் பொருளின் கணக்கு. பகுதி எது, விகுதி எது, நடுவில் நிற்பது எது என்பதைச் சொல்லும். செய்யுளில் சீரை முன்னிட்டுச் சொல்லின் நடுவே வெட்டவேண்டி வந்தால் அதற்கு வகையுளி என்று பெயரே வைத்திருக்கிறோம். ஆங்கில அகராதிகளில் சொல்லின் நடுநடுவே புள்ளி வைத்துக் காட்டுகிறார்களே, அது பெரும்பாலும் ஓசைக் கணக்குதான். இந்தப் பெயரடையை அவர்கள் தெ, லிட், ஒ, கஸ் என்று நான்காக உடைப்பார்கள், அழுத்தம் இரண்டாவதில். ஆனால் பொருள் உடைகிற இடம் அதுவல்ல. 'தெலி' ஒரு வேர், 'டோக்' இன்னொரு வேர், 'அஸ்' பெயரடை விகுதி. அகராதியின் புள்ளி முதல் வேரின் கடைசி உயிரை இரண்டாம் வேரின் முதல் மெய்யோடு ஒட்டவைத்து 'லிட்' என்று ஒரு துண்டைச் செய்கிறது. அந்தத் துண்டுக்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. சுத்தமான வகையுளி. படிக்கிறவள் ஓசையைப் பிடித்துக்கொண்டு போனால் பொருளைத் தாண்டிப் போய்விடுவாள்.

தமிழில் எழுதியபோது நடந்தது இதைவிடச் சுவாரசியமானது. இரண்டு வேரும் கிரேக்கம். கிரேக்கத்தில் எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் தனித்தனி எழுத்து உண்டு, நம்மைப் போலவே. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. முதல் வேர் தேலுஸ். அதில் இருப்பது ஏகாரம், நெடில். இரண்டாவது தொகொஸ், இரண்டு ஒகரமும் குறில். மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் உலகத்தில் மிகச் சில மொழிகளுக்கே கிடைக்கிற துல்லியத்தோடு நாம் எழுதியிருக்கலாம். நாமோ ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலைப் பார்த்து, நெடிலாக இருக்கவேண்டியதைத் 'தெ' என்று குறிலாக்கினோம், குறிலாக இருக்கவேண்டியதை 'டோ' என்று நெடிலாக்கினோம். பல்லில் பிறக்கும் தகரத்தையும் டகரமாக்கினோம். டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்து. அதனால் அங்கே ஒரு வேர் தொடங்குகிறது என்று தமிழ்க் காதுக்குத் தோன்றவே தோன்றாது. கதவு இருக்கிற இடத்தில் சுவர் எழுப்பியதுபோல ஆகிவிட்டது.

தேலுஸ் என்றால் பெண், பெண்பாலான. அதன் பக்கத்திலேயே தேலே என்ற சொல் நிற்கிறது. முலைக்காம்பு என்று பொருள். இரண்டுக்கும் அடியில் இருப்பது இந்தோ ஐரோப்பிய மொழிகளில் பால் உறிஞ்சுவதையும் பால் கொடுப்பதையும் குறிக்கும் ஒரு பழைய வேர். லத்தீனில் பெண்ணைக் குறிக்கும் ஃபேமினா அதே வேரிலிருந்து வந்தது. அதிலிருந்துதான் ஃபெமினிசம். சமஸ்கிருதத்தில் கறவைப்பசுவைக் குறிக்கும் தேனு அதே வேர். நம் கோயில் சுவர்களில் பெண்முகத்தோடு நிற்கும் காமதேனு இந்த அசுவினிப் பெயரடைக்குத் தூரத்து அக்கா. எதிர்ப்பக்கச் சொல்லான அர்ரேன், ஆண், சமஸ்கிருத ரிஷபத்தோடு உறவுடையது என்று மொழியியலாளர் காட்டுவார்கள். அர்ரீனோடோக்கி, தெலிடோக்கி என்று கரும்பலகையில் எழுதும்போது ஒரு காளையையும் ஒரு பசுவையும் கட்டிவைக்கிறோம்.

பெண்ணைக் குறிக்கும் சொல் பால் கொடுப்பவள் என்ற பொருளிலிருந்து பிறந்ததைக் கண்டு நாம் மேட்டிமை கொள்ள இடமில்லை. ஆள் என்பதிலிருந்து ஆண், பேண் என்பதிலிருந்து பெண் என்று வகுப்பில் சொல்லாத தமிழாசிரியர் குறைவு. அந்த வேர்விளக்கம் மொழியியல்படி நிற்குமா என்பது வேறு கேள்வி. அது மறுபடி மறுபடி ஆசையோடு சொல்லப்படுவதைத்தான் கவனிக்கவேண்டும். ஆள்பவன், பேணுபவள். வேர் தேடுவது என்ற பெயரில் குடும்பத்தின் வேலைப் பிரிவினையைச் சொல்லுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு அங்கிருந்தே அதைக் கண்டெடுத்ததுபோலக் காட்டுவது நம் சொல்லாராய்ச்சியின் ஒரு பழக்கம்.

அதே பழக்கம் இரண்டாம் வேரிலும் கையைப் பிடித்து இழுக்கும். தொகொஸ் என்றால் பேறு, பிறந்த குழந்தை. கிரேக்கத்தில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வட்டி. பணம் பெற்ற குட்டி என்பதால் வட்டி. அரிஸ்டாட்டில் இதைப் பிடித்துக்கொண்டு, பணம் பணத்தைப் பெறுவது இயற்கைக்கு மாறானது என்று கடுமையாக எழுதினார். தொகொஸ், தொகை, பணம் என்று உடனே ஒருவர் எழுந்து கிரேக்கச் சொல்லே தமிழ்தான் என்று சொல்லக்கூடும். வேண்டாம். 'தொகு' சேர்ப்பது, 'தொகொஸ்' பெறுவது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. ஒலியை நம்பினால் தேனுவைத் தேனோடும் சேர்த்துவிடலாம். ஒற்றுமை இருப்பது சொல்லில் இல்லை, நினைப்பில். குழுக் கடன் வாங்கிய பெண்கள் தவணை நாளில் பேசுவதைக் கேட்டால் 'வட்டி குட்டி போடுது' என்பது காதில் விழும். ஏதென்ஸில் ஒரு தத்துவவாதி கண்டுபிடித்ததைக் கடன் அட்டை வைத்திருக்கிற எந்தப் பெண்ணும் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னைத் தூங்கவிடாத பகுதிக்கு இப்போது வருகிறேன். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விலங்கியல் இந்தச் சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை. தேலுதொகொஸ் என்ற பெயரடை அரிஸ்டாட்டில் காலத்திலேயே இருந்தது. அப்போது அதில் 'ஆண் இல்லாமல்' என்ற பொருள் கிடையாது. பெண்ணாகவே பெறுகிற என்பதுதான் பொருள். விலங்குகளின் பிறப்பு பற்றி எழுதிய நூலில், இளம்வயதுப் பெற்றோரும் முதிர்ந்த வயதுப் பெற்றோரும்தான் அதிகமாக இப்படிப்பட்டவர்கள் என்கிறார் அவர். காரணம், இளையோருக்கு உடற்சூடு இன்னும் நிறையவில்லை, முதியோருக்கு அது வற்றிவருகிறது. சூடு போதாதபோது பெண் பிறக்கிறது. தென்காற்று வீசினாலும் பெண். ஆண் என்பது நிறைவு, பெண் என்பது குறைவு என்ற அவருடைய பெரிய கட்டடத்தில் இந்தப் பெயரடை ஒரு செங்கல்.

அதாவது இது முதலில் ஒரு குற்றச்சாட்டுக்குப் பக்கத்தில் இருந்த சொல். நமக்கு அந்தக் குற்றச்சாட்டை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை. 'பொட்டப்புள்ளயா பெத்துப் போட்டவ' என்று நம் தெருவில் அது உயிரோடு இருக்கிறது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு என்றும் வேண்டா என்றும் பெயர் வைத்த ஊர் இது. அந்தப் பெயரோடு பட்டம் வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்கும் நீட்டித்தார்கள். நீட்டிக்கவேண்டிய நிலை இருந்தது என்பதுதான் அதன் பொருள். மனிதரில் குழந்தையின் பாலை முடிவு செய்வது தந்தையின் விந்தணு கொண்டுவருகிற எக்ஸா ஒய்யா என்பது என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பார்த்துப் பாட்டி கேட்கிற கேள்வியையும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே தலைக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

விலங்கியலாளர்கள் அந்தப் பழைய பெயரடையை எடுத்தபோது, அவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, ஒரு காரியம் நடந்தது. 'பெண்ணாகவே பெறுகிற' என்ற விவரம் எந்தப் பழியும் இல்லாமல் ஓர் உயிரின் மேல் வைக்கப்பட்டது. சூடு குறைந்தது, காற்று மாறியது என்ற சமாதானங்கள் போயின. பெண் பிறக்கிறது, அவ்வளவுதான். பாலின விகிதம் தேய்ந்த ஒரு மாவட்டத்தின் வகுப்பறையில் அந்த விவரத்தைப் புரியாத ஓசையாக மட்டும் மனப்பாடம் செய்யவைப்பதை நான் சின்ன இழப்பாக நினைக்கவில்லை.

தலைப்பில் இருக்கிற தமிழ்ச்சொல்லாவது உதவுகிறதா? கன்னி இனப்பெருக்கம். சார்ல் பொன்னே என்ற ஜெனீவா இளைஞர் 1740இல், பிறந்த உடனே ஓர் அசுவினியைத் தனியே அடைத்துவைத்து, ஆண் முகமே பாராமல் அது பெற்றுத் தள்ளியதை நாள்கணக்காகக் குறித்துவைத்தார். ரிச்சர்ட் ஓவன் 1849இல் தம் நூலுக்குப் பார்த்தினோஜெனிசிஸ் என்று தலைப்பிட்டார். பார்த்தெனோஸ் கிரேக்கத்தில் கன்னி. நாம் அதை அப்படியே கன்னி என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். சுருக்கமாக இருக்கிறது, நாவில் நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என்ன சொல்கிறது? டஜன் கணக்கில் பெற்று, அந்தப் பிள்ளைகளும் பெற்று, செடியின் தண்டே தெரியாதபடி குடும்பம் நடத்துகிற ஒருத்தியைக் கன்னி என்கிறது. அவள் என்ன செய்தாள் என்பதை விட்டுவிட்டு அவளுக்கு என்ன நடக்கவில்லை என்பதைச் சொல்கிறது. அவள் வாழ்க்கையில் இல்லாத ஆண் அவள் பெயரில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

கன்னி என்ற சொல்லுக்கு வேறு வாழ்க்கையும் உண்டு. ஏரிக்கரையில் ஏழு கல்லாக நிற்கும் கன்னிமாரைக் கும்பிடுகிறவர்கள் அவர்களுடைய கற்பைக் கும்பிடுவதில்லை. தண்ணீரையும் குழந்தைகளையும் காக்கிற அதிகாரத்தைக் கும்பிடுகிறார்கள். இளமை, புதுமை, முதல் என்ற பொருளில் கன்னிப்பேச்சு, கன்னிமுயற்சி என்றும் சொல்கிறோம். பாடப்புத்தகக் கன்னி இந்த வழியில் வரவில்லை. அவள் ஆண்படாதவள் என்ற ஒரே பொருளோடு, ஐரோப்பாவிலிருந்து நேரே வந்திறங்கியவள். (பார்த்தீனியம் என்று நாம் திட்டிக்கொண்டே பிடுங்குகிற களைச்செடியும் அதே பார்த்தெனோஸ்தான். கன்னிச்செடி. அதைப் பிடுங்கிக் கையெல்லாம் தடித்துப்போகிற பெண்களிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார்களோ.)

எதிர்ப்பக்கத்தையும் பார்க்கவேண்டும். சில நன்னீர் மட்டிகளிலும், சஹாராவில் வளரும் ஒரு சைப்ரஸ் மரத்திலும், தந்தையின் மரபணு மட்டுமே சந்ததிக்குப் போகிறது. தாயின் பங்கு இடம் கொடுப்பதோடு சரி. இதற்கு ஆண்ட்ரோஜெனிசிஸ் என்று பெயர். ஆண்வழிப் பிறப்பு என்று பொருள். நேரான பெயர். 'பிரம்மச்சாரி இனப்பெருக்கம்' என்று யாரும் சொல்லவில்லை. ஆண் தனியாகச் செய்தால் அது ஆணின் செயல். பெண் தனியாகச் செய்தால் அது ஆணின் இன்மை.

நம் அறிவியல் தமிழின் அடைமொழிகளில் இந்த இன்மை எங்கும் பரவிக் கிடக்கிறது. கருவுறா முட்டை, கருவுறாக் கனி: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். இலக்கணத்தில் எனக்குப் பிடித்த வடிவம் அது. ஆனால் தேனீக்கூட்டில் 'கருவுறா முட்டை' என்று சொல்லும் முட்டையிலிருந்துதான் ஆண் தேனீக்கள் எல்லாம் வருகின்றன. ஒன்றும் குறையவில்லை அங்கே. மலட்டுப்பூ, மலட்டுத் தேனீ என்றும் எழுதுகிறோம். மலடி என்ற சொல் ஒரு பெண்ணை எத்தனை பந்திகளிலிருந்து எழுப்பியிருக்கிறது என்று தெரிந்த ஒரு சமூகம், அதன் அடியை எடுத்துப் பூவுக்கும் பூச்சிக்கும் அடைமொழியாக்கும்போது கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

புதுச்சொல்லை வெறுக்கிறவள் அல்ல நான். வந்த சொல்லை வாய் செரித்துக்கொண்டால் அது நம் சொல். மல்லாட்டையையே பாருங்கள். தென்னமெரிக்காவில் பிறந்த பயிர். மணிலா வழியாக வந்தது என்று மணிலாக்கொட்டை என்றார்கள். அது மல்லாக்கொட்டையாகி, விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை ஆகிவிட்டது. கடல்கடந்த ஒரு நகரத்தின் பெயரை மென்று, கொட்டையையும் அதற்குள் கரைத்து, மூன்று நேரசையில் முடித்துவிட்டார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் கூடவில்லை. கொல்லையில் குந்தி மல்லாட்டை பறித்தவர்களின் வாய் செய்த வேலை அது. தெலிடோக்கஸுக்கு அந்த வாய் கிடைக்கவில்லை. பரீட்சைத் தாளோடு அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

செரிக்காத சொல்லுக்குப் பதில் ஏற்கெனவே வீட்டில் இருக்கிற சொல்லைப் பார்க்கலாம். ஈன். மாடு ஈன்றது, தாய் ஈன்றாள், வாழை குலை ஈன்றது என்று மூன்றுக்கும் பேதமில்லாமல் வருகிற வினை. இதில் திருமணம் நடந்ததா, ஆண் இருந்தானா என்ற விசாரணை இல்லை. வெளியே வந்த உயிரை மட்டும் சொல்கிறது. தொகொஸுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. பெண் ஈனும், ஆண் ஈனும். சேர்த்து எழுதினால் பெண்ணீனும், ஆணீனும். பெண் என்பதில் குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டிக்கிறது. ஆண் என்பதில் நெடில் இருப்பதால் இரட்டவில்லை. அசை பிரித்தால் பெண், ணீ, னும். ஆ, ணீ, னும். இரண்டும் நேர் நேர் நேர், தேமாங்காய். எழுத்தில் ஒரு மெய் கூடக்குறைய இருந்தாலும் எடையில் சமம். ஆணீனும் தேனீ முட்டை, பெண்ணீனும் அசுவினி. ஒரு எட்டாம் வகுப்புப் பெண் அகராதி இல்லாமல் இதைத் திறந்துவிடுவாள்.

என் சொல்லில் ஒரு முடிச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணீனும் என்றால் பெண்ணை ஈனுகிற என்றும் கொள்ளலாம், பெண் ஈனுகிற என்றும் கொள்ளலாம். வேற்றுமை உருபு தொக்கி நிற்பதால் செயப்படுபொருளா எழுவாயா என்று தெரியவில்லை. கறாரான அறிவியல்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு ஆணீனும் என்ற இணைச்சொல்லே பதில். ஆண் ஈனுவதில்லை என்பதால் அங்கே ஒரே பொருள்தான் நிற்கும், அதைப் பார்த்து இதையும் பொருத்திக்கொள்வார்கள். இரண்டாவது குறை கனமானது. ஆண் இல்லாமல் என்ற செய்தி இதில் இல்லை. கிரேக்கத்திலும் இல்லை, அது தலைப்பிலிருந்துதான் வருகிறது. தலைப்புக்குத் 'தனித்தாய்ப் பிறப்பு' என்று வைத்தால் என்ன என்று நான் சொல்லிப் பார்த்தேன். கவிதை மாதிரி இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். பாராட்டாகச் சொல்லவில்லை.

இந்தப் பெயரடையைத் தெரிந்துகொண்ட தோழிகள் சிலர் உடனே ஆணற்ற உலகம் என்று கவிதை எழுதத் தொடங்குகிறார்கள். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1915லேயே அதை நாவலாக்கிவிட்டார். அவருடைய 'ஹெர்லேண்ட்' பெண்கள் மட்டும் வாழும் நாடு. அவர்கள் தாமாகவே கருவுற்று மகள்களை மட்டும் பெறுகிறார்கள். சொல்லின் நேர்ப்பொருளில் அது ஒரு தெலிடோக்கஸ் தேசம். சண்டை இல்லை, பசி இல்லை. ஆனால் அங்கே தாய்மைதான் மதம், தாய்மைதான் அரசியல். தகுதி குறைந்தவள் என்று கருதப்படுகிறவளைப் பெறாமலிருக்கும்படி கேட்டுக்கொள்கிறார்கள். தகுதியை அளக்கிறவர்கள் இருக்கிற நாட்டில் ஆண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இனத்தூய்மை பற்றிக் கில்மனுக்கு இருந்த நம்பிக்கைகளைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த நாட்டின் அமைதி இன்னும் சங்கடம் தரும். அசுவினியும் விடுதலை பெற்ற பெண் அல்ல. அவள் தன்னையே நகலெடுக்கிறாள். நகல் பெருகப் பெருக மல்லாட்டை வாடுகிறது, கொல்லை நட்டப்படுகிறது, பறிக்கிற பெண்களுக்குக் கூலி குறைகிறது. பூச்சியை உவமையாக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. சொல் சரியாக இருந்தால் போதும் என்று கேட்கிறேன்.

சொல் சரியாக இல்லாவிட்டால் கண்முன் நடப்பதும் தெரியாமல் போகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. தேனீக்கூட்டின் பணித்தேனீக்களை மலட்டுப் பெண்கள் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ராணி இல்லாத கூட்டில் அவை முட்டையிடும், ஆனால் அதிலிருந்து ஆண் தேனீதான் வரும், அதாவது ஆணீனும். கேப் பகுதியின் தேனீ இனத்தில் மட்டும் பணித்தேனீயின் முட்டையிலிருந்து பெண் வருகிறது. சில சமயம் ராணியே வருகிறாள். 1990 வாக்கில் தேன் வளர்ப்பவர்கள் இந்தக் கூடுகளை நாட்டின் வடபகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வேறு இனத்தின் கூடுகளுக்குள் இந்த 'மலடிகள்' புகுந்து, தம் மகள்களைப் பெற்று, அந்த ராணிகளை இல்லாமல் செய்து, ஏராளமான கூடுகளைக் காலி செய்தார்கள். பிறகு மரபணுவைச் சோதித்தபோது, ஊடுருவிய அத்தனை தேனீக்களும் ஒரே ஒரு பணித்தேனீயின் வழிவந்தவை என்று தெரிந்தது. நம் பாடங்களில் பணித்தேனீ மலடு என்ற வரி அப்படியே இருக்கிறது.